பஞ்சு படும் இடம்

கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

தம்பி மூடிக்கொண்டான். அக்காவான அவள் கட்டிலருகே உட்கார்ந்து அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஞ்சு படுறது தெரிஞ்சா சொல்லுங்க, மதிவாணன். தெரியலன்னா சும்மா இருங்க. குத்துமதிப்பா எதையும் சொல்லக் கூடாது."

"குத்துமதிப்பா எழுதித்தான் சார் பிளஸ் டூவே பாஸானேன்."

டாக்டர் சிரித்தார். வாசலில் நின்ற அம்மா சிரிக்கவில்லை.

ஆடி மாதம் அவனுடைய இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்தார்கள். அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, வளர்த்து, நசுங்கிய தண்டுவடத்தில் செலுத்தினார்கள். பலித்தால் கால்களில் உணர்வு திரும்பும் என்றார்கள். ஆராய்ச்சிதான், உறுதி கிடையாது என்றும் சொன்னார்கள். வீட்டில் இரண்டாவதை யாரும் திரும்பப் பேசவில்லை.

தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அவள் கேட்டிருந்தாள். தேவையில்லை, அவனுடையதே போதும் என்றுவிட்டார்கள்.

மாலை வகுப்பு முடிந்து அவளை அழைத்துப்போக வந்தவன் அவன்.

நான் ஓட்டுகிறேன் என்று பைக் சாவியைப் பிடுங்கியவள் அவள்.

அந்த விபத்தில் அவளுக்கு முழங்கையில் ஒரு தழும்பு.

பஞ்சு இடது தொடையில் பட்டது.

"தெரியுது."

முழங்காலில் பட்டது.

"தெரியுது சார்."

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். டாக்டர் இப்போது சிரிக்கவில்லை. நன்றாகக் குனிந்து, கணுக்காலில் வைத்தார்.

"தெரியுது. எறும்பு ஊர்ற மாதிரி."

அவள் அழ ஆரம்பித்திருந்தாள். கண்ணைத் துடைக்கத் தலை குனிந்தபோதுதான் தன் கையைப் பார்த்தாள். அவனுடைய விரல்களைச் சுற்றி அது வெளுத்து இறுகியிருந்தது.

பஞ்சு விலகியது. கை தளர்ந்தது.

பஞ்சு பாதத்தில் பட்டது. கை இறுகியது.

"தெரியுது."

தற்செயலாக இருக்கலாம். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம். அவள் கை இறுகியதும் உண்மை, அவனுக்குத் தெரிந்ததும் உண்மை. அப்படி இருக்கக் கூடாதா?

அவள் மெல்லத் தன் கையை உருவிக்கொண்டாள்.

வலது தொடை.

அவன் எதுவும் சொல்லவில்லை.

வலது முழங்கால்.

அவனுடைய கை விரிப்பின் மேல் மல்லாந்து கிடந்தது. விரல்கள் ஒருமுறை மூடி விரிந்தன. மூடிய இமைகளுக்குள் கண்கள் அலைந்தன.

டாக்டர் நிமிர்ந்தார். பழைய பஞ்சைப் போட்டுவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் கிள்ளி எடுத்தார்.

"சொல்லு மதி," என்றாள் அம்மா வாசலிலிருந்து. "அந்தக் கால்ல தெரிஞ்சுதேடா. இந்தக் கால் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவளுக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது. டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் போலவும் இருந்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் பாருங்கள், நான் இல்லாமல் பாருங்கள் என்று.

அம்மாவைப் பார்த்தாள்.

தன் கையை அவனுடைய கைக்குள் வைத்தாள். அது மட்டும்தான் செய்தாள்.

"தெரியுது," என்றான்.

டாக்டர் இன்னும் புதுப் பஞ்சைத் திரித்துக்கொண்டிருந்தார்.