இடது காது

கிடாயின் இடது காதைப் பொத்திய கையை வள்ளித்தாய் ஒரு மணி நேரமாக எடுக்கவில்லை.

காதின் நுனியில் கத்தியால் வெட்டிய அடையாளம் இருந்தது. குலசாமி கருப்பனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய் அது. சாமி கிடாய் என்று தெரிந்தால் இந்த ஆட்டுச் சந்தையில் ஒருத்தனும் விலை கேட்கமாட்டான். விற்க வந்தவளைக் காறித் துப்புவார்கள்.

மணி ஒன்பதரை. பன்னிரண்டுக்குள் கோவில்பட்டி கோர்ட்டில் பணம் கட்டியாக வேண்டும்.

அவள் புருஷன் மாதவனுக்கும் அவன் அண்ணன் கடற்கரைக்கும் பதினான்கு வருஷமாக வழக்கு. கிணற்றுக்குப் போகிற வண்டிப்பாதை யாருக்கு என்று. பாதையை அளந்து சொல்லக் கோர்ட் ஒரு வக்கீலை அனுப்புகிறது. அவருக்கான பீஸை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதியாக இன்றைக்குள் கட்ட வேண்டும். கட்டாதவன் பேச்சு எடுபடாது. அந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றி நாலு வருஷம் ஆயிற்று, அது வேறு கதை.

வழக்குப் போட்டபோது ஆட்டுக் கிடையில் அறுபது உருப்படி இருந்தது. வாய்தாவுக்கு ஒன்று என்று விற்றுப் போயிற்று. ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று ஊரில் சொன்னபோது மாதவன் சிரித்தான். இப்போது மிச்சம் இந்தக் கிடாய்தான். வழக்கு ஜெயித்தால் வெட்டுகிறேன் என்று அவளே நேர்ந்தது.

ஒரு வியாபாரி வந்தான். முதுகை அமுக்கிப் பார்த்தான். பல்லைப் பார்த்தான். தலைப்பக்கம் அவன் கை போனதும் வள்ளித்தாய் பதறிப்போய் விலையை இரண்டாயிரம் ஏற்றிச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். மூன்றாவது ஆள். இப்படி விரட்டினால் எப்போது விற்பது?

செல்போன் அடித்தது. கயிறு சுற்றிய கையாலேயே எடுத்தாள். கோர்ட் வாசலிலிருந்து மாதவன்.

"ஏட்டி, வித்தாச்சா? நம்ம வக்கீலு நிமிசத்துக்கு ஒருக்க கேக்காரு."

பதில் சொல்ல வாயெடுத்தவள் போனை அணைத்தாள். எதிரே வேப்பமரத்தடியில் கடற்கரை நின்றிருந்தான். அவனிடமும் ஒரு கிடாய்.

இரண்டு வீட்டுக்கும் சாமி ஒன்றுதான். அந்தக் காது வெட்டு என்னவென்று அவனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு சத்தம் போட்டால் போதும். கிடாய் விலை போகாது, பணம் கட்ட முடியாது, பாதை அவனுக்கு.

கடற்கரை அவளைப் பார்த்தான். காதைப் பொத்திய கையையும் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏன் கத்தவில்லை? பாவி, அவள் கைக்குப் பணம் வரட்டும், பிறகு கத்தலாம் என்று காத்திருக்கிறானா? கருப்பா, நீயாவது அவன் வாயைக் கட்டு என்று வேண்டினாள். எந்த முகத்தோடு வேண்டுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

தரகர் ஒருவர் கடற்கரையிடம் போனார். துண்டைக் கையில் போட்டு நீட்டினார். இங்கே துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். கடற்கரை முப்பது வருஷமாக அப்படிப் பேசியவன். இன்று அவன் கையை நீட்டவில்லை. விலையை வாய்விட்டுச் சொன்னான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, கையைத் தாங்க. ஊரு கேக்கவா விலை சொல்லுதீங்க?"

கடற்கரை தரவில்லை.

ஒரு கையில் கயிறு இருந்தது. மற்றக் கை கிடாயின் தலைமேல் இருந்தது. தடவிக்கொடுக்கிறான் என்றுதான் வள்ளித்தாய் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள்.

அவனும் இடது காதைத்தான் பொத்தியிருந்தான்.