ஜன்னலோர மேசையின் பர்கர்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எங்கள் கடையைப் பற்றி எழுதியது நீங்கள்தானே, சப்புக்கொட்டி சார்?

அந்தப் பெயரில்தானே கடை கடையாகப் போய் பர்கர் தின்று நட்சத்திரம் போடுகிறீர்கள். அதுதான் உங்கள் தொழிலாமே. எங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம். அதுவும் பன் சூடாக இருந்ததற்காகவாம். அதோடு விட்டீர்களா? "அடுப்பில் நிற்கும் மாஸ்டருக்கு நாக்கு செத்து ரொம்ப நாளாகியிருக்கும்" என்று ஒரு வரி வேறு.

நான் தள்ளுவண்டியில் ஆரம்பித்தவன். வாங்கிய வசவில் பாதி எனக்குத் தாலாட்டு மாதிரி. ஒன்றை மூன்றாக்குங்கள் என்று பேரம் பேச வரவில்லை. நடந்ததை மட்டும் கேளுங்கள்.

நீங்கள் எழுதிய மறுநாள் எதிர் அலுவலகத்துக் கும்பல் உப்பு டப்பாவோடு உள்ளே வந்தது. "அண்ணே, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு நாங்களே கொண்டு வந்துட்டோம்" என்றான் ஒருவன். கடையே சிரித்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேரே அடுப்படிக்குப் போய், உங்கள் வரியை எல்லோர் காதிலும் விழும்படி மாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். என் வாயில் வந்ததையும் சேர்த்துக்கொண்டேன்.

மாஸ்டர் கரண்டியைத் துடைத்து வைத்தார்.

"அவர் கேட்டதைத்தான் குடுத்தேன்."

"உப்பு இல்லாமயா கேட்டாரு?"

"ஜன்னலோர மேசைப் பெரியவர் தினம் என்ன சாப்பிடுறாரோ அதையே குடுங்கன்னாரு. குடுத்தேன்."

ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். நாக்கு செத்தவன் எதற்குச் சமைக்க வேண்டும், எழுதினவரே வந்து அப்படி இல்லை என்று சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். என் கத்தலெல்லாம் அவருக்குப் பழக்கம். உங்கள் வரிதான் அவரை அறுத்திருக்கிறது.

கடையில் இத்தனை பேர் சாப்பிட, அந்தப் பெரியவர் தட்டின் மேல் மட்டும் உங்களுக்கு என்ன கண் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அச்சகத்தில் கூட வேலை பார்த்த இரண்டு பேரோடு மத்தியானம் வருவார். மூன்று பேருக்கும் ஒரே மாதிரித் தட்டு, ஒரே மாதிரி பர்கர். ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டு, விரலை நக்கிக்கொண்டு சாப்பிடுவார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இன்று அடுப்பில் நான் நின்றேன். பெரியவர் கை கழுவுகிற சாக்கில் எழுந்து வந்தார்.

"தம்பி, மாஸ்டர் இல்லையா?"

"இல்லைங்கய்யா. நான் போட்டுத் தர்றேன், போய் உக்காருங்க."

அவர் நகரவில்லை. நண்பர்கள் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

இதயம் பலவீனமாம். உப்பைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதை மாஸ்டரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மாஸ்டர் அவருக்கென்று ஒரு சின்ன இரும்புச் சட்டியைத் தனியாக வைத்துக்கொண்டார். பெரிய கல்லில் ஒட்டியிருக்கிற உப்புகூடப் பட்டுவிடக் கூடாதாம். பன்னும் உப்பில்லாமல் தனி. சாஸுக்குப் பதிலாகச் சிவக்க வதக்கிய வெங்காயம், மிளகு, எலுமிச்சை. வெளியே பார்த்தால் மூன்று தட்டும் ஒன்றுதான். நண்பர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் எதிரில் சாப்பிடவே கூசுவார்கள்.

மாஸ்டர் ஏன் வரவில்லை என்று கேட்டார். சொல்லாமல் செல்போனையே நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டே வைத்துப் படித்தார். எழுதியவர் பெயரையும் படித்தார். அந்தப் பெயரை விரலால் ஒரு தரம் தடவிவிட்டுத் திருப்பித் தந்தார்.

அந்தச் சட்டியைத் தேடி எடுத்து, எனக்குத் தெரிந்த மாதிரி ஒன்றைச் செய்து வைத்தேன். ஒரு கடி கடித்தார். முகம் கோணாமல் விழுங்கினார். காலையில் நிறையச் சாப்பிட்டுவிட்டேன் என்று நண்பர்களிடம் பொய் சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடித்தபடி அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வாசலில் மடக்கினேன். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் உப்பில்லாமல் பொங்கிப் போட மாட்டார்களா, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"போடுவாங்க தம்பி. இப்ப வீட்டுல தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிக்கிறேன். கிழவனுக்கு வாய்க்கொழுப்புன்னு மருமக நினைச்சாலும் பரவாயில்லை. சொன்னா, எனக்காக எம் பையனும் உப்பை விட்டுருவான். நான் கால் ஒடிஞ்சு படுத்தப்போ விளையாடக்கூடப் போகாம பக்கத்துலயே உக்காந்திருந்த பய அவன். இப்ப அவன் பிழைப்பே நாக்குலதான் இருக்கு."

யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டராக இருந்தால் தலையாட்டியிருப்பார். நான் ஆட்டவில்லை. சரி என்று ஒத்துக்கொள்ளாத எதற்கும் நான் கட்டுப்பட்டது கிடையாது.

நட்சத்திரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சார். நாளை மத்தியானத்துக்குள் மாஸ்டர் வீட்டுக்குப் போய், எழுதியது தப்பு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லி, அடுப்புக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் அப்பா சாப்பிட வேண்டும்.