மண் படாத செருப்பு

மாலை வெயில் விழும் செருப்புக் கடையில் அம்மா ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். பனியன் கம்பெனியில் நாளெல்லாம் நின்றே துணி சோதிப்பதால் அவளுக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஊட்டுக்குள்ள செருப்புப் போட்டா முருகன் மயிலேறிப் போயிருவாருங்க," என்கிறாள். "ரோட்டு மண்ணு படாத செருப்புங்க அக்கா, கோவிச்சுக்க மாட்டாரு," என்று சிரிக்கிறார் கடைக்காரர். அவர் நீட்டிய செருப்பின் நீல ரப்பரை அம்மா கட்டைவிரலால் அமுக்குகிறாள். அது குழிந்து மெதுவாக எழும்புகிறது. கடைக்காரர் தரையில் செய்தித்தாளை விரிக்கிறார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தாளின்மேல் நடக்கிறாள். நொண்டிக்கொண்டிருந்த கால் நேராக ஊன்றுகிறது. தாளின் விளிம்பு வந்ததும் நின்றுவிடுகிறாள். தரையில் கால் வைக்காமல் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். "கண்ணு, இன்னொரு பேப்பரை விரி. இன்னுங் கொஞ்சம் நடக்கறேன்."