மூன்றாவது இழுவை

பதினோராவது பெட்டியிலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அவள் சோதனை மேசைக்குப் போனவை பதினான்கு பெட்டி. பாஸ் ஆனவை மூன்றே மூன்று. மத்தியானம் லாரி வந்துவிடும்.

நாளை மறுநாள் என் மனைவிக்கு இதயத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கப்போகிறார்கள். மணிக்கட்டு வழியாக, நாங்கள் செய்வது போன்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு. "லாட்டை அனுப்பிட்டு லீவுல போ" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இந்தப் பெட்டிகள் மொத்தமும் போகாவிட்டால் லீவும் போச்சு. மனைவி அங்கே தனியாகப் படுத்திருப்பாள்.

இவள் வேண்டுமென்றே செய்கிறாள். வேறென்ன? சூப்பர்வைசர் வேலை இவளுக்கு வர வேண்டியது, எனக்கு வந்தது. அன்றைக்கு "ரொம்ப சந்தோஷம்ணே" என்றாள். அந்தச் சந்தோஷத்தின் லட்சணம் எனக்கு அப்போதே தெரியும். நேரம் பார்த்துக் காலை வாருகிறாள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன்.

பெட்டிக்கு ஒரு குழாய் எடுத்தாள். தண்ணீரில் முக்கினாள். நனைந்தால்தான் மேல்பூச்சு வழுக்கும். வழுக்கினால்தான் ரத்தக்குழாயைக் கீறாமல் உள்ளே போகும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தாள். அதோடு விட்டாளா? இன்னொரு தடவை. மறுபடியும் இன்னொரு தடவை.

குழாயை இழுக்கிறாளா, வேலையை இழுத்தடிக்கிறாளா?

கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். சிவப்புப் பெட்டியிலிருந்து ஒரு குழாயை நானே எடுத்து, நனைத்து, இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

வசமாக மாட்டினாள்!

"இதுல என்னம்மா குறை கண்டே?"

முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. சிரிக்கிறாளா, முறைக்கிறாளா, ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னும் ரெண்டு தடவை இழுங்கண்ணே."

இழுத்தேன். இரண்டாவதும் வழுக்கியது. மூன்றாவதில் சொரசொரவென்று விரலைப் பிடித்தது. பூச்சு கையோடு வந்துவிட்டது.

"ஒரு இழுவைதானே நம்ம ரூல்? திடீர்னு மூணு எதுக்கு?" என்றேன். என் குரல் எனக்கே இறங்கிக் கேட்டது.

அவள் பெட்டியைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த முகவரியைக் காட்டினாள்.

"உங்க லீவு லெட்டரை நான்தானே மேனேஜர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணிக்கு இந்த ஆஸ்பத்திரியிலதானே?"

இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்கூட ஒரு நிமிஷம் நிலைக்கவில்லை.

"அப்ப, போன மாசம் இதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோமே, அது?"

அவள் தலைக்கு மேலே சுவரை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

'நேரம் மிச்சம் செய்யவும். ஒரு இழுவை போதும்.'

பதவி வந்த முதல் வாரத்தில், நானே எழுதி ஒட்டிய தாள்.