லாம்புக் கண்ணாடி

"இன்னிக்கு நீங்க முதல்ல சொல்லுங்கண்ணே. எல்லாரும் சொன்ன பிறகு சொல்றது பெரிய வித்தையா?" என்றான் தங்கராஜு.

கண்ணாடிக் குவளை என் கையில் இருந்தது. இரண்டு விரல் உயரத்துக்கு விஸ்கி.

நாங்கள் நான்கு பேர். நான் ஜொகூரில், பாலோ என்ற ஊரில், ஒரு ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அய்யாவு ஸ்டேஷன் மாஸ்டர். மரியநாதன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். தங்கராஜு பக்கத்துத் தோட்டத்துக் கிராணி.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு முன், என் வீட்டு முன்னறையில் கூடுவோம். போன கூட்டத்துக்குப் பிறகு யார் என்ன குடித்தோம் என்று சொல்லிக்கொள்வோம்.

அன்று அந்தப் பேச்சை அய்யாவுதான் ஆரம்பித்தார். ரயிலைப் பிடிக்க ஓடிய ஒரு சர்வே துரை பாதிப் போத்தலை பெஞ்சிலேயே மறந்துவிட்டாராம். அதை இளநீரில் கலந்து குடித்ததாக அய்யாவு சொன்னதும் மரியநாதன் காதைப் பொத்திக்கொண்டார். அவர் ஈஸ்டருக்குத் துரை கொடுத்த போத்தலை இன்னும் வைத்திருக்கிறார். மருந்து அளக்கும் குவளையில் தினம் ஒரு அவுன்ஸ்.

பிறகு ஒருவர் கொண்டுவந்த போத்தல், அன்று தங்கராஜுவுடையது, உள்ளே போகும். லேபிளைப் பார்க்காமல், குடித்துப் பார்த்து இன்னதென்று சொல்ல வேண்டும். அதுதான் விதி.

உள்ளே ஊற்றுவது என் மனைவி சந்திரமதி. கதவுத் திரைக்கு வெளியே தட்டும் இரண்டு வளையல் கைகளும் மட்டும் நீளும். எங்கள் குடும்பத்துப் பெண்கள் ஆண்கள் குடிக்கும் இடத்துக்கு வருவதில்லை. குரலும் வராது. அது என் அப்பா வைத்த ஒழுங்கு. நான் காப்பாற்றி வருகிறேன்.

அவர் வைத்துவிட்டுப் போனது இன்னொன்றும் உண்டு. எங்கள் குடும்பத்து நாக்கு. ரசத்தில் பெருங்காயம் ஒரு சிட்டிகை குறைந்தால் அப்பா இலையை விட்டு எழுந்துவிடுவார். நானும் அப்படித்தான். விஸ்கியிலும் அப்படித்தான். போன வருஷம் தங்கராஜு பெருமையாகக் கொண்டுவந்த போத்தலை, ஒரு விருந்தில் பத்துப் பேர் முன்னால், சாயத் தண்ணீர் என்று சொல்லிக் கீழே வைத்தேன். அவன் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. தோட்டத்தில் நாற்பத்தொரு பேரைப் புதைத்தோம். நான் பிழைத்தேன். காய்ச்சல் என் மூக்கையும் நாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்தில் எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கேட்டதை வைத்துக் கடைசியில் தீர்ப்புச் சொல்லி வந்தேன். எட்டு மாதம் அப்படியே ஓடிவிட்டது.

குடித்தேன்.

நெருப்பு இறங்கியது. வேறொன்றும் இல்லை.

தங்கராஜு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தவறாகச் சொன்னால் அந்தச் சிரிப்பு சாயங்கால ரயிலிலேயே ஜொகூர் பாருவுக்குப் போய்விடும். அப்பாவின் பெயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

"என்னண்ணே, இவ்வளவு நேரம்? நாக்கு லீவுல போயிருச்சா?"

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, லாம்புக் கண்ணாடி தொடைக்கிறது தீந்து போச்சு. சாயங்காலம் கடைப்பக்கம் போனா மறந்துடாதீங்க."

அய்யாவு தரையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான்கு ஆண்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது, அதுவும் ஒரு லாம்புக்காக. கோபத்தில் என் காது சுட்டது. திரும்பி அதட்ட வாயைத் திறந்தேன்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

எங்கள் வீட்டில் லாம்புக் கண்ணாடியைத் துடைப்பது சம்சுவில். சீனர் கடையில் விற்கும் மட்டமான சாராயம். கரி நன்றாகப் போகும். அது சந்திரமதிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். முன்னறையில் வேறு யாருக்கும் தெரியாது.

குவளையைக் கீழே வைத்தேன்.

"தங்கராஜு, சம்சுல சீனியைக் கருக்கிப் போட்டிருக்கீங்க. சீனி கொஞ்சம் அதிகமாவே கருகிடுச்சு."

சீனி கருகியது மட்டும் நிறத்தைப் பார்த்து நான் சேர்த்த சொந்தச் சரக்கு.

"அலமாக்!" என்றார் அய்யாவு. அவர் குவளை காலியாக இருந்தது. "நான் இன்னொண்ணு கேக்கலாம்னு இருந்தேனே!"

மரியநாதன் சிரித்துச் சிரித்து இருமினார். தங்கராஜு எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். "உங்க நாக்குக்குண்ணே" என்றான். பையிலிருந்து உண்மையான ஸ்காட்ச்சை எடுத்து என் முன் வைத்தான்.

ஊற்றுகிற கைக்கு மூக்கும் உண்டு என்று நான் இத்தனை வருஷம் நினைத்ததே இல்லை.

அவர்கள் போன பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எங்கள் வீட்டில் ஆண்கள் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை.

"ரசம் நல்லா இருக்கு" என்றேன்.

சந்திரமதி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"பெருங்காயம் போட்டு எட்டு மாசம் ஆச்சுங்க."

தலை நிமிராமல் முழுவதும் சாப்பிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் என் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அய்யாவு கேட்டார்.

இங்கே காற்று நன்றாக வருகிறது என்றேன்.

அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது.