பரிந்துரைக் கடிதம்

மசோதா வாசிக்கப்பட்டபோது சட்டமன்ற உறுப்பினர் தணிகாசலம் மேசையில் குனிந்து, தன் தொகுதிக்காரியான பவுனம்மாளின் விதவை ஓய்வூதியத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். குரல் வாக்கெடுப்பு வந்ததும் தலை நிமிராமல் எல்லோரோடும் சேர்ந்து "ஆம்" என்றார். இருபது வயது தாண்டிய மகன் இருந்தால் இனி ஓய்வூதியம் கிடையாது என்பதுதான் அந்த மசோதா.

மூன்று மாதம் கழித்து, திருப்பி அனுப்பப்பட்ட கடிதத்தோடு பவுனம்மாள் வந்தாள். அவள் மகன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடமாகிறது.

"என்னம்மா சொன்னாங்க?"

"புதுச் சட்டமாங்கய்யா. அன்னிக்கு நீங்க சபைக்குப் போகல போல. போயிருந்தா விட்டிருப்பீங்களா?"

தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே இருந்தார்.