மூக்கு மாஸ்டரும் பச்சைப் புள்ளியும்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் மீசை மேல் ஆணை! மீசை எங்கே என்று தேடாதீர்கள். ஆணையிட்டு ஆணையிட்டே அது கொட்டிப்போய்விட்டது.

ஒருநாள் காலை எங்கள் தெருவில் எல்லா கேஸ் அடுப்பும் ஒரே நேரத்தில் அணைந்துபோயின.

எட்டிப் பார்த்தால், கேஸ் ஆபீஸ் பெண் ஒருத்தி தெருமுனைக் குழியில், தெருவுக்கே கேஸ் வரும் குழாயின் வால்வை மூடிவிட்டு நடுத்தெருவில் நிற்கிறாள். ஒரு கையில் டார்ச் மாதிரி ஒரு கருவி, இன்னொரு கையில் சின்னத் திரை. கருவியிலிருந்து ஒரு பச்சைப் புள்ளி வீடு வீடாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"எங்கேயோ கேஸ் கசியுது. கண்டுபிடிக்கிற வரைக்கும் யாருக்கும் அடுப்பு எரியாது," என்றாள்.

"தெருவிலே நின்னுக்கிட்டு வீட்டுக்குள்ளே கசியறதை எப்படிம்மா பார்ப்பே?"

"லேசர், ஐயா. ஜன்னல் கண்ணாடி வழியா உள்ளே போய், சுவரிலே பட்டுத் திரும்பி வரும். நடுவிலே கேஸ் இருந்தா அந்த ஒளியிலே கொஞ்சத்தைத் தின்னுடும். குறைஞ்ச இடத்தை இந்தப் படத்திலே சிவப்பாக் காட்டும்."

அந்த லேசர் என் வயிற்றுக்குள்ளும் புகுந்து, முந்தைய நாள் சாப்பாட்டைப் படம் போட்டுக் காட்டியது. நம்பாவிட்டால் போங்கள்.

அவள் அவசரமே படவில்லை. மாடி வீடு, தையல்கடை, பூட்டிக் கிடந்த வீடு எல்லாம் பார்த்தாள். நாய்க்கூண்டைக்கூட விடவில்லை.

"பாப்பாவுக்குப் பால் சுட வைக்க முடியலை!" என்றாள் மாடி வீட்டுக்காரி.

"நாய் என்ன, கூண்டுக்குள்ளே சமையலா பண்ணுது?" என்றார் தையல்காரர்.

எல்லோரையும்விட உரக்கக் கத்தியது ரொட்டிக்கடை மாஸ்டரின் மனைவி. "எங்க வீட்டுக்காரர் மூக்கைவிட உன் டார்ச்சு ஒசத்தியா?"

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடிகாரம் பார்க்க மாட்டார், அடுப்பைத் திறக்க மாட்டார். மோப்பத்திலேயே ரொட்டி வெந்ததைச் சொல்லிவிடுவார். 'மூக்கு மாஸ்டர்' என்றால்தான் தெருவில் தெரியும். அந்த மூக்குதான் கடைக்கு மூலதனம்.

"என் கடையிலே கசிஞ்சு எனக்கே தெரியலைன்னா," என்று மாஸ்டர் மாவுக் கையால் மார்பில் தட்டினார், "அன்னிக்கே கடையை இழுத்துப் பூட்டிடுவேன். மோப்பம் போன ரொட்டிக்காரன் இருந்தென்ன, போயென்ன?"

கேஸ்காரப் பெண் பச்சைப் புள்ளியை ரொட்டிக்கடைப் பக்கம் திருப்பினாள். கடைசியில் திரையைப் பார்த்தாள். ரொட்டிக்கடைக்கும் என் வீட்டுக்கும் பொதுச் சுவர். சிவப்பு அங்கேதான் அப்பியிருந்தது.

"கசிவு இந்த ஐயா வீட்டிலே," என்று என்னைக் காட்டினாள்.

அவ்வளவுதான், தெருவே என் மேல் பாய்ந்தது.

"போறதுன்னா தனியாப் போக வேண்டியதுதானே பெரிசு! துணைக்கு நாங்களா?"

"வாய் பண்ற வேலையிலே மூக்குக்கு லீவு குடுத்துட்டாரு!"

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் அவர் மனைவி என்னைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

திறந்த வாயில் வேறு சொல் வந்தது. "வயசாச்சு. கவனிக்கலை."

"பொதுச் சுவராச்சே மாஸ்டர், உங்க குழாயையும் ஒரு தடவை பார்த்துடறேன்," என்று அந்தப் பெண் ரொட்டிக்கடைக்குள் போனாள். புதுக் குழாயோடு போனவள் வெடித்த குழாயோடு வந்தாள். பிறகு என் வீட்டுக்குள் வந்து, ஸ்பானரால் நாற்காலியைத் தட்டிக் கொஞ்சம் சத்தம் எழுப்பிவிட்டுப் போனாள். வால்வு திறந்தது.

மாஸ்டர் என் தோளில் கை போட்டார். "இனிமே சந்தேகம்னா என்னைக் கூப்பிடுங்க பெரியவரே. மோந்து பார்த்துச் சொல்றேன்."

சாயங்காலம் அவர் மனைவி வந்தாள்.

"உங்க காலைக் கழுவிக் குடிக்கணும் மாமா. கேஸ் ஆபீசுக்கு போன் பண்ணினதே நான்தான். அவருக்கு ஒரு காய்ச்சல் வந்துதே, அதுக்கப்புறம் வாசனையே தெரியலை. அடுப்படியிலே குப்புனு கேஸ் நாறுது, இவர் பாட்டுப் பாடிக்கிட்டு மாவு பிசையறார்! சொன்னா மனுஷன் உடைஞ்சுபோவார். தெரு முழுக்கப் பார்க்கிற மாதிரி பாருங்கன்னு அந்தம்மாவைக் கெஞ்சினேன். அத்தனை திட்டையும் எனக்காக வாங்கிக்கிட்டாங்க."

"அப்போ ரொட்டி வெந்தது எப்படித் தெரியுது?"

"'வாசனை தூக்குதே'ன்னு நான் முந்திக்குவேன். 'எனக்கு அப்பவே தெரியும்'னு எடுத்துடுவார்."

"அதெல்லாம் சரி தாயே. பழி போட என் வீடுதானா கிடைச்சுது?"

"நீங்க உண்மையைச் சொன்னாலும் யாரு மாமா நம்புவாங்க?"

என் புளுகால் ஒரு குடும்பத்துக்கு ஆன உபகாரம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை மாஸ்டர் வந்தார். கையில் சுடச்சுட ரொட்டி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு என்ன கைம்மாறு செய்யப் போறேனோ! கடையை மூடிடலாம்னுதான் இருந்தேன் பெரியவரே. எனக்காக ஒரு தெரு அடுப்பையே அணைக்க வெச்சாளே, அவ மூக்கு இருக்கிறப்போ என் மூக்கு எதுக்கு? ஆனா எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், என்னை ஏமாத்திட்டதா நெனைச்சு நிம்மதியா இருக்கா."

"உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"உங்க வீட்டிலே இருக்கிறது கரண்ட் அடுப்பாச்சே! அது எங்கேயாவது கசியுமா?"

ஆகவே, இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான்தான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். ஒரே கடையில் இரண்டு பேருடைய நிம்மதி என் வாய்க்குள் இருக்கிறது.